இலையுதிர் காலம் இல்லாத ஊரில் ஒருநாள் நடை

சித்தப்பா பையன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். சென்னையிலிருந்து காரில் போய் ஒரே நாளில் திரும்பிவிடக்கூடிய இலையுதிர்கால மலையேற்றங்கள், மொத்தம் பத்து. கீழே ஒரு வரி: "அண்ணா, இதுல எது நல்லாருக்கும்? ஆபீஸ்ல ஆறு பேர் வராங்க." பதில் தட்டச்ச ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதிவிடலாம் என்று நிறுத்திவிட்டேன்.

இந்த மாதிரிப் பட்டியல்களை நான் கொஞ்ச நாளாகச் சேர்த்துவைத்து வருகிறேன். தமிழில், ஆங்கிலத்தில், யூடியூப் வீடியோவாக என்று முப்பது நாற்பது இருக்கும். நாகலாபுரம், தடா, கூடியம் குகை, செஞ்சி, ஜவ்வாது மலை, ஏலகிரி என்று இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். வரிசை மட்டும் மாறும். தனியாக யார் எழுதியதையும் குறைசொல்லும் நோக்கம் எனக்கில்லை. அத்தனையிலும் பொதுவாக இருக்கும் இரண்டு தப்புகளைப் பற்றித்தான் பேச்சு. அவை ரசனைக் குறைபாடு மட்டும் என்றால் விட்டிருப்பேன். உயிர் சம்பந்தப்பட்டவை.

முதல் தப்பு, பருவம். ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே எடுத்து "இலையுதிர் காலம்" என்று போட்டுவிடுகிறார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை, இதமான குளிர், தெளிந்த வானம், நடக்கத் தோதான நாட்கள். அவர்கள் ஊரில் சரிதான். நம்ம ஊரில் அந்த மாதங்களுக்கு என்ன பெயர் என்று யோசித்துப் பாருங்கள். பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். ஆறு பெரும்பொழுதில் இலையுதிர் என்று ஒன்று கிடையவே கிடையாது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதுவும் தினம் தினம் கொஞ்சமாகப் பெய்யாது. நாலு நாள் வெயில் காயும், ஐந்தாம் நாள் ஒரு தாழ்வு மண்டலம் வந்து ஒரே ராத்திரியில் ஒரு மாதத்து மழையைக் கொட்டிவிட்டுப் போகும்.

அப்படியானால் இங்கே மரங்கள் இலையே உதிர்ப்பதில்லையா? உதிர்க்கின்றன. தை முடிந்து, மாசி பங்குனியில். நம் காடுகளில் பெரும்பகுதி வறண்ட காடு. குளிருக்காக அல்ல, தண்ணீர் இல்லாமல்தான் மரம் இலையை விடுகிறது. கீழே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல்லும் சருகும் கிடக்கும். பார்க்க அழகுதான், புகைப்படத்துக்குப் பொன்னிறமாக வரும். ஆனால் அது தீக்காலம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். ஆக, "இலையுதிர்காலத்தில் போங்கள்" என்ற அறிவுரையை ஆங்கிலத்து மாதப்படி எடுத்துக்கொண்டால் வெள்ளத்தில் மாட்டலாம், மரத்தின் கணக்குப்படி எடுத்துக்கொண்டால் தீயில் மாட்டலாம். இடையில் மார்கழி, தை என்று ஏறக்குறைய இரண்டு மாதம்தான் நமக்கு. மழை நின்று, ஓடையில் தண்ணீர் மிச்சமிருந்து, காலையில் பனி இறங்கும் நாட்கள். பொங்கலை நடுவில் வைத்து முன்னே மூன்று வாரம், பின்னே மூன்று வாரம் என்பது என் கணக்கு.

இதை நான் புத்தகம் படித்துக் கற்கவில்லை. 2019 ஐப்பசியில் ஒரு குழுவோடு நாகலாபுரம் போனேன். பெயர் வேண்டாம். காலையில் வெயில் அடித்தது. மூன்றாவது குளத்தில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தபோது, மேலே மலையில் எங்கோ கறுத்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தலைமேல் ஒரு தூறல்கூட இல்லை. தண்ணீரின் நிறம்தான் முதலில் மாறியது. தேநீர் நிறம் வந்தது, அப்புறம் சுள்ளிகளும் இலைகளும் மிதந்து வந்தன. பத்து நிமிடத்தில், வரும்போது கணுக்காலளவு தண்ணீரில் கடந்த இடம் இடுப்பளவு ஆகிவிட்டது. கூட்டிப்போனவரிடம் கயிறும் இல்லை, மாற்று வழியும் தெரியாது. ஒரு பாறை மேல் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஊருக்குள் இறங்கியபோது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் தெலுங்கும் தமிழும் கலந்து திட்டினார். "இந்த மாசத்துல நாங்களே ஏற மாட்டோம் நாயனா, உங்களுக்கு யாரு சொன்னது?" யார் சொன்னது? ஒரு பட்டியல் சொன்னது.

நாகலாபுரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அது ஆந்திரக் காடு, அந்த மாநில வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது. பட்டியல்கள் இதை ஒரு வரியில் கடக்கின்றன, இல்லாவிட்டால் "லோக்கல் கைடு பார்த்துக்குவார்" என்று எழுதுகின்றன. வடக்கே போனால் சேஷாசலம், செம்மரக் காடு. 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே சிறப்புக் காவல் படை 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அந்தப் பக்கத்துக் காட்டில் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு தமிழ் பேசிப் போகும் கும்பலை எல்லோரும் சுற்றுலாப் பயணிகளாகத்தான் பார்ப்பார்கள் என்று எந்த நம்பிக்கையில் எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது தப்பு, தூரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பது. "சென்னையிலிருந்து இரண்டரை மணி நேரம்" என்றால் அந்தச் சென்னை எது? பெரும்பாலும் வேளச்சேரி, இல்லாவிட்டால் ஓ.எம்.ஆர். அங்கிருந்து கிளம்பினால் ஊரைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும். நான் இருப்பது சாத்தாங்காடு. இரும்பு மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம். ஒருநாள் நடைக்கு ஏற்ற குன்றுகளில் பாதி, தடா, நாகலாபுரம், அல்லிக்குழிக் குன்றுகள், எல்லாம் நகரத்துக்கு வடக்கிலும் வடமேற்கிலும்தான் இருக்கின்றன. எங்களுக்கு எம்.எஃப்.எல். சந்திப்பில் திரும்பினால் போதும். மாதவரம், செங்குன்றம், ஊத்துக்கோட்டை என்று ஒரு வழி. மீஞ்சூர், பொன்னேரி, தச்சூர் கூட்டு ரோடு என்று இன்னொரு வழி. விடியற்காலை கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதற்குள் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான். "வட சென்னையில் என்ன இருக்கு" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: மலைக்குப் போகிற வழி இருக்கு.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருநாள் பயணம் போகாதவர்களும் இல்லை. பௌர்ணமி அன்று காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் என்று மூன்று கோயிலையும் ஒரே நாளில் முடிப்பார்கள். வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் கேட்கவே வேண்டாம். வீடு கட்ட வேண்டுதல் வைத்தவர்கள் ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு. ஆடியில் பெரியபாளையம். என் அம்மா இந்த மூன்றையும் பல தடவை செய்திருக்கிறாள், பாதி தூரம் நடந்தே. அவளை யாரும் ஹைக்கர் என்று சொன்னதில்லை. பட்டியல்களில் அடிக்கடி வரும் "யாரும் அறியாத", "கண்டுபிடிக்கப்படாத" போன்ற சொற்களைப் படிக்கும்போது எனக்கு அவள் ஞாபகம்தான் வரும். சுருட்டப்பள்ளியில் ஆரணியாற்றுக் கரையில் பள்ளிகொண்ட ஈஸ்வரரைப் பார்த்துவிட்டு வரும் கூட்டம் எத்தனை தலைமுறையாக வருகிறது!

சரி, பத்தில் எது நல்லாருக்கும் என்று கேட்டானே. எனக்கு ஒன்றுதான்: கூடியம்.

பூண்டிக்கு மேலே, அல்லிக்குழிக் குன்றுகளுக்குள் இருக்கிறது கூடியம் குகை. குகை என்றதும் உள்ளே நீண்டுபோகும் இருட்டு என்று நினைக்க வேண்டாம். பெரிய பாறை முகடு முன்னால் நீண்டு கூரையாக நிற்கிறது, அதன் கீழே ஐம்பது பேர் உட்காரலாம். கூரையில் தேனடைகள் தொங்கும். சத்தம் போடக்கூடாது, புகை கூடாது. ஊர் முடிந்ததும் முள்ளுக்காட்டுக்குள் செம்மண் பாதையில் சில கிலோமீட்டர் நடை. நிழல் அதிகம் கிடையாது. ஏற்றமும் பெரிதாக இல்லை, அதனால் பட்டியல்கள் இதை "எளிது, ஆரம்பநிலை" என்று முத்திரை குத்திவிட்டு அருவி இருக்கிற இடத்துக்குத் தாவிவிடுகின்றன. அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இந்த நடையில் பார்க்க வேண்டியது காலுக்குக் கீழே இருக்கிறது.

பாதை முழுக்க உருண்டைக் கற்கள். முட்டை அளவிலிருந்து பூசணிக்காய் அளவு வரை, வழவழவென்று. குன்றே அப்படிப்பட்ட கற்கள் சிமெண்டில் பதித்ததுபோல இறுகிய பாறைதான். டைனோசர் காலத்தில் ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து குவித்தவை. கல் குவார்ட்சைட். தட்டினால் கூர்மையாகச் சில்லு பெயரும். ஆதிமனிதன் இங்கே தங்கியதற்கு இதுதான் காரணம்: கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கருவி செய்யக் கல் கிடக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கோடரியை எடுத்தார் என்பது பள்ளிப் புத்தகத்தில் வரும். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் வந்து சேர்ந்த இடம் அத்திரம்பாக்கம், இங்கிருந்து பக்கம். அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் தோண்டி, 2011-இல் வெளியிட்ட முடிவுப்படி, கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். 2018-இல் வந்த அடுத்த கட்டுரை, அதே இடத்தில் கருவி செய்யும் முறை 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டது என்று காட்டியது. உலகத்து ஆராய்ச்சியாளர்கள் மனிதப் பரவலின் காலக்கணக்கைத் திரும்பிப் பார்க்க வைத்த இடம் இது. பட்டியலில் "எளிது, 2 மணி நேரம்" என்று போட்டிருக்கிறார்கள்.

கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பூண்டியில் தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே அரை மணி நேரம் நின்று கைக்கோடரி எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிவிட்டுப் போனால் பாதையில் நிறைய தெரியும். இரும்பு மார்க்கெட் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அந்தக் கல் குவியலைப் பார்த்ததும் சரக்கு இறக்கிவைத்த யார்டு மாதிரித் தோன்றியது. நல்ல சரக்கு இருக்கிற இடத்தில் பட்டறை போடுவது மனுஷப் புத்தி.

கூடியம் இப்போது வனத்துறையின் பட்டியலிலும் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. ஆன்லைனில் பதிவு, உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகள், தீக்காலத்தில் பாதைகளை மூடிவைக்கும் ஏற்பாடு. கட்டணம் கூடுதல் என்பது என் எண்ணம், நாலு பேர் குடும்பத்துக்கு இடிக்கும். ஆனால் நான் சேர்த்துவைத்த அத்தனை பட்டியல்களையும்விட இது நேர்மையானது. எப்போது போகக்கூடாது என்று சொல்கிறதே!

ஒரு குறை இதற்கும் உண்டு, அது சொல்லிலேயே இருக்கிறது. டிரெக்கிங் என்பதற்குத் தமிழில் "மலையேற்றம்" என்று வைத்துவிட்டோம். அந்தச் சொல் வந்ததும் மலை இல்லாத நடையெல்லாம் பட்டியலுக்கு வெளியே போய்விட்டது. ஆற்றங்கரை, கழிமுகம், கடலோரம், ஏரிக்கரை எதற்கும் இடமில்லை. "நடை" என்று வைத்திருந்தால் என் வீட்டிலிருந்து எட்டொன்பது கிலோமீட்டரில் இருப்பதையும் சேர்த்திருப்பார்கள்.

அல்லிக்குழிக் குன்றில் விழும் மழை ஓடைகளாக இறங்கிக் கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. அந்த ஆற்றை மறித்து 1944-இல் கட்டியதுதான் பூண்டி நீர்த்தேக்கம், சத்தியமூர்த்தி பெயரில். (கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஊத்துக்கோட்டை பக்கத்து இடத்தை 'ஜீரோ பாயிண்ட்' என்றே சொல்கிறார்கள். தூரத்தை அங்கிருந்து அளந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.) பூண்டி நிரம்பினால் உபரி நீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி மணலி புதுநகர், சடையங்குப்பம் ஓரமாக வந்து எண்ணூரில் கடலைத் தொடுகிறது. "பூண்டியில் விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு" என்று டிவியில் ஓடும் வரியை நகரத்தில் பலர் குடிநீர்ச் செய்தியாகப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்ததும் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றுவோம். 2021 நவம்பரில் மணலி புதுநகருக்குள் ஆறு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது திரும்ப வந்தது. அந்தத் தடவை மணலிப் பக்கத்து எண்ணெயும் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படிந்தது. சுவர்களில் கறுப்புக் கோடு, படகுகளில் பிசுக்கு. மீனவர்கள் குவளையால் எண்ணெயை அள்ளினார்கள்.

நாகலாபுரத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. மலையில் பெய்தால் கீழே என்ன ஆகும் என்பது எங்கள் தெருப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கீழே இருக்கும்போது தெரிந்தது மேலே போனதும் மறந்துவிட்டது. பட்டியல் மலையை ஆற்றிலிருந்து வெட்டி எடுத்துக் காட்டுகிறது, நானும் அப்படியே பார்த்துவிட்டேன்.

அதனால் கூடியத்துக்குப் போகிறவர்கள் இன்னொரு நாள் அதே ஆற்றின் மறுமுனைக்கும் வாருங்கள் என்பேன். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கத்திலிருந்து முகத்துவாரம் வரை மணலில் நடக்கலாம். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து வர வேண்டும். இந்தப் பக்கத்தைக் குறிப்பிடும் ஒன்றிரண்டு வீடியோக்களும் கடலுக்குள் நீண்டு பாதியில் நிற்கும் பழைய பாலத்தில் சூரிய உதயத்தை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குத் திரும்பிவிடுகின்றன. ஏழு மணிக்குப் பிறகுதான் பார்க்க இருக்கிறது. 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையம் இந்தக் கரையில். வடசென்னை அனல்மின் நிலையமும் 2001-இல் திறந்த துறைமுகமும் அந்தக் கரையில். சாம்பல் படிந்து மேடான இடத்தில் கால் வைத்தால் மாவு மாதிரி அமுங்கும். அதற்கு நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருப்பார்கள். ஒருதடவை நான் நோட்டும் கையுமாக நிற்பதைப் பார்த்து ஒரு அக்கா கேட்டாங்க: "இன்னாப்பா, கணக்கெடுக்க வந்தியா?" இல்லக்கா, சும்மா நடக்க வந்தேன் என்றேன். "இங்க நடக்கறதுக்குனு யாரு வரா" என்று சிரித்தாங்க.

வந்திருக்கிறார்கள். கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்களுக்கு எண்ணூர்தான் வாரக்கடைசி உல்லாசம். 1806-இல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வந்தபின் படகிலேயே வந்துபோக முடிந்தது. பின்னால் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் மாறியது அதுவேதான். அன்றைக்கு யாராவது "நகரத்துக்கு அருகில் ஒருநாள் பயணம்" என்று எழுதியிருந்தால் முதல் இடம் எங்களுக்குத்தான்.

பழவேற்காட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். டச்சுக் கல்லறை வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களுக்காகவே ஒருதடவை போகலாம். மார்கழியில் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் பைனாகுலர் எடுத்துப்போங்கள், படகுக்காரரைக் கிட்டே ஓட்டச்சொல்லிக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். தடா பற்றி ஒரே வரி: தண்ணீரில் இறங்க மாட்டோம் என்று ஆறு பேரும் ஒத்துக்கொண்டால் போங்க, இல்லாவிட்டால் வேண்டாம்.

தம்பி, உனக்கு: ஐப்பசியில் எங்கேயும் வேண்டாம். பொங்கல் கழிந்த சனிக்கிழமைக்குக் கூடியம் பதிவு பண்ணு. முந்தின ராத்திரி ஆறு பேரும் சாத்தாங்காட்டுக்கு வந்துவிடுங்க, மாடியில் படுத்துக்கலாம். நாலரைக்குக் கிளம்பினால் டிரெய்லருக்கு முன்னால் மணலியைத் தாண்டிவிடலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, மூடின செருப்பு. சென்ட் அடித்துக்கொண்டு வராதீங்க, தேனீ இருக்கு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் முகத்துவாரம். அங்கே எதுவும் பதிவு பண்ண வேண்டியதில்லை.